ஜன்னலோர மேசை: காயாத சிவப்பு

கூடப் பிறந்தவளிடம் வாடகைக்கு இடம் பிடிக்க வேண்டாம் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் சின்னவளிடம் சொன்னவர்கள் பலர். அவள் கேட்கவில்லை. அக்காவின் பார்லரில் ஜன்னலோரமாக ஒரு மேசை, எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலி, பூட்டுப் போட்ட ஓர் இழுப்பறை. நகத்துக்கு ஜெல் பூச்சுப் போடுகிற வேலை. பூச்சை இறுக்குகிற விளக்கு அவளுடையது. பாட்டில்கள் அவளுடையவை. வருகிற கைகளும் அவளை நம்பி வருகிறவைதான். அக்காவின் பெயர்ப் பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தாலும் அவள் அக்காவுக்கு வேலைக்காரி இல்லை. அவள் தனி.

போன சனிக்கிழமை மகளுக்குக் காய்ச்சல் நூற்றிரண்டைத் தாண்டியதும், இழுப்பறையைப் பூட்டியது பூட்டியபடி விட்டுவிட்டு அவள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். அது வரைக்கும் பார்த்தோம். ஞாயிறும் பிள்ளையின் தலைமாட்டில் போனது. திங்கள் கடைக்கு விடுமுறை. இது செவ்வாய்.

காலையில் எழுந்து வந்தவள் அடுப்படி வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். வீட்டுக்காரர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அந்த மனுஷன் ஒரு டம்ளரைக் கழுவி அவள் பார்த்ததில்லை.

"என்ன, உடம்பு கிடம்பு சரியில்லையா உங்களுக்கு?"

"ஏன், நான் தேய்ச்சா பாத்திரம் ஓடிப்போயிடுமா?"

"ஓடாது. பயந்துடும்."

அவர் சிரித்தார். சிரிப்பு வரக் கொஞ்சம் நேரமானது.

"நீ மூணு நாளா தூங்கல. அதான்" என்றார். பிறகு, கழுவிய தட்டையே மறுபடி கழுவிக்கொண்டு, "அக்கா இன்னைக்கு ஏதாவது சொன்னா கொஞ்சம் பொறுத்துப் போ."

"அவ எதுக்கு என்னைச் சொல்லப் போறா?"

"சொல்லுவான்னு சொன்னேனா? சொன்னா."

அக்காவின் புருஷன், அதாவது அத்தான், மேற்பார்வை பார்க்கிற கிடங்கில்தான் இவருக்கு வண்டி ஓட்டுகிற வேலை. அக்கா பெயரை எடுத்தாலே இவர் முதுகு ஒரு விரற்கடை வளைந்துகொள்ளும். இதுவும் அந்த வளைவுதான் என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள்.

கொடியில் கிடந்த துணிகளை எடுத்து மடித்தாள். சனிக்கிழமை அவர் போட்டிருந்த நீலச் சட்டையின் பையில் பொட்டு அளவுக்கு ஒரு சிவப்புக் கறை. ஞாயிற்றுக்கிழமை ஊறவைத்துத் தேய்த்தும் போகவில்லை. வெயிலில் கிடந்ததில் கல்லாக இறுகிவிட்டிருந்தது. கிடங்கில் பெயின்ட் டப்பா ஏற்றியதாக அவர் சொல்லியிருந்தார். நல்ல சட்டை. இனி வேலைக்கு மட்டும்தான் ஆகும்.

மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இறங்கியிருந்தது. அன்றைக்கு வீட்டுக்காரருக்கு மதியத்துக்கு மேல்தான் வண்டி. அதுவரை அவர் பார்த்துக்கொள்வார், பிறகு பக்கத்து வீட்டு அம்மா. கழுத்துக் கயிற்றில் இழுப்பறைச் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு கிளம்பினாள். அதற்கு ஜோடிச் சாவி ஒன்று அடுப்படி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஆணியில் தொங்குகிறது. தொலைந்தால் எடுத்துக்கொள்வதற்கு. இரண்டு வருஷத்தில் தொலைந்ததே இல்லை.

*

"வாங்க தனி முதலாளி" என்றாள் புருவக்காரி, பல்லில் கடித்த நூலோடு. அவளும் அங்கே ஒரு நாற்காலிக்கு வாடகை கொடுப்பவள்தான். உள்சுவர் ஓரம், டியூப் லைட்டுக்குக் கீழே. நாளெல்லாம் புருவம் திருத்துகிற நூலைக் கடித்துக்கொண்டே பேசிப் பேசி, நூல் இல்லாதபோதும் அவளுக்குப் பல்லிடுக்கில்தான் பேச்சு வரும்.

"பிள்ளை எப்படி இருக்கு?"

"தேவலை."

"இங்கதான் தேவலையா இல்ல" என்றாள் புருவக்காரி. மேலே சொல்லாமல் யாரோ ஒருத்தியின் நெற்றியில் குனிந்துகொண்டாள்.

சின்னவள் இழுப்பறையைத் திறந்தாள். திறந்ததுமே கை நின்றது.

விளக்கின் ஒயரை அவள் எட்டுப் போட்டு மடித்துத்தான் வைப்பாள். இன்றைக்கு அது மூட்டை கட்டி மிஞ்சிய கயிறு மாதிரி தாறுமாறாகச் சுருண்டு கிடந்தது. பன்னிரண்டாம் நம்பர் சிவப்புப் பாட்டில் பாதியாகியிருந்தது. பாட்டில் கழுத்தெல்லாம் வழிசல். தன் கரண்டியை வேறொருவன் கலவையில் போட்டுவிட்டுக் கழுவாமல் வைத்துப் போனால் கொத்தனாருக்கு எப்படி இருக்கும்? அப்படி இருந்தது அவளுக்கு.

யாரென்று கேட்க வாயெடுத்தபோது கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு, இரண்டு வருஷமாக அவளிடம் வருகிற டீச்சர் வந்தார். இரண்டு கையையும் கைக்குட்டையில் பொதிந்து மார்போடு வைத்திருந்தார்.

"பாருங்க" என்று விரித்துக் காட்டினார்.

பத்து விரல் நுனியும் வீங்கி மினுமினுத்தன. நகத்தைச் சுற்றிலும் பொடிப் பொடியாகக் கொப்புளம். இரண்டு விரலில் தோல் உரிந்து சிவந்திருந்தது. பூச்சைத் தானே சுரண்டிப் பார்த்திருக்கிறார். பாதி போய்ப் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது.

"ரெண்டு நாளா நெருப்புல வச்ச மாதிரி எரியுது. சாக்பீஸ் பிடிக்க முடியல."

"எப்போ போட்டது டீச்சர் இது?"

"சனிக்கிழமை. உங்களைச் சொல்லல. நீங்க லீவு. உங்க அசிஸ்டென்ட் பொண்ணுதான் போட்டா."

"எந்த அசிஸ்டென்ட்?"

டீச்சர் கவுன்ட்டர் பக்கம் திரும்பினார். "அவங்கதானே சொன்னாங்க? உங்க ஆள் வரல, அவங்க அசிஸ்டென்ட் போட்டுவிடுவான்னு."

அக்கா எழுந்து வந்தாள். வெளியாட்களுக்கென்று அவளிடம் ஒரு குரல் உண்டு, எண்ணெய் தடவிய குரல். அதை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"மேடம், இந்த டேபிள் தனி. நாங்க இடம் மட்டும்தான் குடுத்திருக்கோம். இதுல நடக்கிற எதுவும் கடையைச் சேராது."

போன மாதம் காலேஜ் பெண்கள் எட்டுப் பேர் ஒரே நாளில் வந்து ஜன்னலோரம் வரிசை கட்டியபோது, "எங்க கடைப் பொண்ணு கை வச்சா நகம் பேசும்" என்று இதே அக்காதான் வாசலில் நின்று பெருமை அடித்தாள். நல்லது நடந்தால் கடைப் பொண்ணு. கெட்டது நடந்தால் தனி.

சின்னவள் டீச்சர் பக்கம் திரும்பினாள். கையுறையை மாட்டிக்கொண்டு, "முதல்ல மிச்சத்தை எடுத்துடறேன் டீச்சர், உக்காருங்க" என்றாள்.

அரத்தை மெல்ல மெல்ல வைத்து எடுத்தாள். மேலே கண்ணாடி மாதிரி இறுகியிருந்த பூச்சு, அடியில் நெய் மாதிரி கொழகொழவென்று இருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. ஜெல் காற்றில் காயாது. நாலு நாள் ஆனாலும் காயாது. விளக்கு வெளிச்சமோ வெயிலோ பட வேண்டும், அதுவும் வேண்டிய நேரம் பட வேண்டும். நேரம் குறைந்தால் மேலே மட்டும் இறுகி, அடியில் ஈரம் நின்றுவிடும். அந்த ஈரம் தோலில் இறங்கினால் இப்படித்தான் பிடுங்கும். சில பேருக்கு அது ஆயுசுக்கும் விடாது. இனி எந்த ஜெல்லும் ஒத்துக்கொள்ளாது.

டீச்சருக்கு அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"அஞ்சு மணிக்குத் தோல் டாக்டர்கிட்ட போறேன்" என்றார் டீச்சர். "என்ன போட்டாங்க, எவ்வளவு நேரம் விளக்குல வச்சாங்கன்னு எழுதி வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கார். நீங்க எனக்குன்னு ஒரு கார்டு வச்சிருக்கீங்கல்ல, அதைக் குடுங்க. நாலு மணிக்கு வரேன். அப்புறம் சுகாதார ஆபீஸ்லயும் எழுதிக் குடுக்கத்தான் போறேன். இப்பவே சொல்லிடறேன். பின்னால சொல்லலன்னு சொல்லாதீங்க."

அவர் போன பிறகு சின்னவள் கார்டுப் பெட்டியைத் திறந்தாள். ஒவ்வொரு கைக்கும் ஒரு கார்டு. என்ன நிறம், எத்தனை நொடி, தோல் எப்படி, எல்லாம் இருக்கும். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அவள் சின்னதாகக் கையெழுத்துப் போடுவாள். அந்தக் கைக்கு நான் பொறுப்பு என்பதற்கு அது அடையாளம். யாரும் கேட்டு அவள் இதைச் செய்யவில்லை. அவளாக வைத்துக்கொண்ட வழக்கம்.

டீச்சர் கார்டின் தலைப்பில் அவள் எழுத்து: 'மெல்லிய தோல். அறுபது நொடி, இரண்டு தடவை.' கீழே இருபத்தாறு வரிகள். இருபத்தாறு கையெழுத்துகள். இருபத்தேழாவது வரி மட்டும் வேறு எழுத்து. உருண்டை உருண்டையான, பெரிய எழுத்து.

'சனி. சிவப்பு 12. 30 நொடி.'

கையெழுத்து இருக்க வேண்டிய இடம் காலி.

அந்த உருண்டை எழுத்தை அவளுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து தெரியும். அக்கா மகள். சிட்டு.

*

துண்டு காயப்போடுகிற பின்னறையில் அக்கா அவளுக்காகக் காத்திருந்தாள். எண்ணெய் தடவிய குரலை வெளியே வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"கையெழுத்துப் போட்டுக் குடுத்துடு. அவ்வளவுதான்."

"எதுக்குக் கீழ?"

"அந்த வரிக்குக் கீழதான். கார்டு உன்னோடது, டேபிள் உன்னோடது. ஒரு வரியில மட்டும் கையெழுத்து இல்லன்னா பாக்கிறவன் என்ன நினைப்பான்?"

"உள்ளதை நினைப்பான்."

"கிண்டலா?" அக்கா துண்டை உதறினாள். "சிட்டுவுக்கு இன்னும் சர்டிபிகேட் கைக்கு வரல. சர்டிபிகேட் இல்லாத ஆளை விட்டு வேலை செஞ்சேன்னு தெரிஞ்சா கடையைப் பூட்டிடுவான். அவளுக்கும் இனி சர்டிபிகேட்டே குடுக்க மாட்டான். அதே, உன் டேபிள்ல உனக்கு உதவியா ஒரு பொண்ணு இருந்தா, ஒரு தப்பு நடந்துபோச்சுன்னா, உனக்கு ஆறு மாசம் தடை. அதோட போச்சு."

"அந்த ஆறு மாசம் நான் என்ன செய்றது?"

"வீட்டுல இரு. உனக்கென்ன, சம்பாதிக்கிற புருஷன் இருக்கான்."

"உனக்கும்தான் இருக்கார்."

"அவர்தான் உன் புருஷன் கையில ஸ்டியரிங்கைக் குடுத்தது. ஞாபகம் இருக்கட்டும்."

வெளியே ஹேர் டிரையர் ஓடி நின்றது. இருவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அடிதடி என்றாலும் வாடிக்கையாளர் காதில் விழாமல் அடித்துக்கொள்ள வேண்டும். கடைச் சண்டைக்கு அதுதான் முறை.

"பூட்டிட்டுப் போனேன் அக்கா. வெள்ளிக்கிழமை பூட்டி, ரெண்டு தடவை இழுத்துப் பாத்துட்டுத்தான் போனேன்."

"திறந்துதான் கிடந்துச்சு."

அக்கா அதை ரொம்ப வேகமாகச் சொன்னாள். மடித்து வைத்திருந்த துண்டையே மறுபடி எடுத்து மடித்தாள்.

"டீச்சர் வந்து நிக்கிறாங்க. அவங்களுக்கு ரெண்டு வருஷமா உன் கைதான். திருப்பி அனுப்பினா வேற கடைக்குப் போயிடுவாங்க. உன் வாடிக்கை போகக் கூடாதுன்னுதான்டி செஞ்சேன்."

"எனக்காகவா?"

"வேற யாருக்காக?"

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

அக்கா இடுப்பிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எழுதிக்கொண்ட ஒப்பந்தம். காலையிலேயே தேடி எடுத்து வைத்திருக்கிறாள். அப்படியானால் டீச்சர் வருவார் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

"படி. ஆறாவது வரி."

படிக்கத் தேவையில்லை. 'மேசையில் நடக்கும் எல்லா வேலைக்கும் மேசைக்காரரே முழுப் பொறுப்பு.' அந்த வரியைப் போடச் சொன்னதே சின்னவள்தான். இப்படிச் செய், அப்படிச் செய் என்று யாரும் தன் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது என்பதற்காகக் கேட்டு எழுதி வாங்கிய வரி. அன்றைக்கு அதில் கையெழுத்துப் போட்டபோது அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இன்றைக்கு அதே வரி சொந்தச் செலவில் கட்டிய சுவர் மாதிரி எதிரே நின்றது.

"நாலு மணிக்குள்ள போட்டு வை" என்று சொல்லிவிட்டு அக்கா போனாள்.

*

சிட்டு பின்படிக்கட்டில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தாள். ஜெல் போட்ட நகம் பல்லுக்கு மசியவில்லை.

"முப்பதுன்னுதான் சொல்லித் தந்தாங்க சித்தி" என்றாள், சின்னவள் வாயைத் திறக்கும் முன்பே. "கோர்ஸ்ல எல்லா விளக்குக்கும் முப்பதுதான்."

"அதெல்லாம் புது விளக்குடி. ஒவ்வொண்ணும் கண்ணைப் பறிக்கும். என்னோடது பழசு, அதுக்கு அறுபது வேணும். அதுவும் ரெண்டு தடவை. கார்டு தலைப்புல எழுதியிருந்துச்சே, பாக்கலையா?"

"பாத்தேன்."

"பாத்துட்டுமா?"

"நீங்க பழைய பழக்கத்துல எழுதி வச்சிருக்கீங்கன்னு நினைச்சேன்."

சின்னவள் படியில் உட்கார்ந்தாள். பத்தொன்பது வயசுப் பெண் பொய் சொல்லவில்லை. அதுதான் சுருக்கென்றது.

"ரெண்டு பேர் காத்துக்கிட்டு இருந்தாங்க சித்தி. அம்மா கவுன்ட்டர்ல இருந்து சீக்கிரம் சீக்கிரம்னு கையைக் காட்டிக்கிட்டே இருந்தாங்க. பாட்டில் வேற சாஞ்சு கையெல்லாம் சிவப்பு. துடைக்கக்கூட நேரமில்ல, அப்படியே பூட்டிக் குடுத்துட்டு அடுத்த வேலைக்கு ஓடினேன்."

"பூட்டினியா?"

சிட்டு நகத்தை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனாள்.

"திறந்து கிடந்துச்சுன்னு உங்கம்மா சொன்னாளே. சாவி ஏது உனக்கு?"

"என்னைக் கேக்காதீங்க சித்தி."

"உங்கம்மா கள்ளச் சாவி போட்டு வச்சிருக்காளா?"

சிட்டு இல்லையென்று தலையாட்டினாள். பிறகு ஆமாம் என்பது போலவும் ஆட்டினாள். அழுகை வந்துவிட்டது. அழுகைக்கு நடுவிலும் பேச்சு தெளிவாகத்தான் வந்தது.

"கையெழுத்துப் போட்டுடுங்க சித்தி. நீங்க தொழில் தெரிஞ்சவங்க, எங்க போனாலும் ஒரு டேபிள் கிடைக்கும். எனக்கு ஆரம்பத்துலேயே போயிடும்."

சின்னவள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். தொழில் தெரிந்தவள் என்பதற்காகவே தொழிலை விட்டுக்கொடுக்கச் சொல்லும் நியாயம் எந்த ஊர் நியாயம் என்று அவளுக்கு விளங்கவில்லை.

*

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே டீச்சர் வந்துவிட்டார்.

சின்னவள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். எதிரே கார்டு. பக்கத்தில் பேனா. மூடி கழற்றி வைத்திருந்தது. கவுன்ட்டரில் அக்கா நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள், ஒரே பக்கத்தை. துண்டு அலமாரிக்குப் பக்கத்தில் சிட்டு. புருவக்காரிகூட நூலை வாயிலிருந்து எடுத்துவிட்டாள்.

பேனாவை எடுத்தாள். இருபத்தேழாவது வரியின் முடிவுக்குக் கொண்டுபோனாள். அவள் கையெழுத்து என்பது ஒரு கோணல் கோடு, கீழே ஒரு புள்ளி. ஒரு நொடி வேலை. போட்டால் வீட்டுக்காரர் வேலை நிலைக்கும். கடை நிலைக்கும். சிட்டுவுக்கு வாழ்க்கை நிலைக்கும். அக்கா ராத்திரி போன் போட்டு, "சாப்பிட்டியாடி" என்று கேட்பாள்.

மேலே இருந்த இருபத்தாறு கையெழுத்தையும் பார்த்தாள். இதைப் போட்டால் அத்தனையும் பொய்யாகிவிடும். இனிமேல் எந்தக் கார்டில் போட்டாலும் அது வெறும் கிறுக்கல்.

பேனாவை மூடினாள். கார்டை எடுத்து நீட்டினாள்.

"டீச்சர், டாக்டருக்கு வேண்டியது எல்லாம் இதுல இருக்கு. அறுபது நொடி ரெண்டு தடவை வைக்க வேண்டிய இடத்துல முப்பதோட எடுத்திருக்காங்க. அடியில காயல. ஆனா கடைசி வரி என்னோடது இல்ல. எனக்கு அசிஸ்டென்ட் கிடையாது. நான் பூட்டிட்டுப் போன டிராயர் இது."

"அப்போ யாரோடது?"

டிரையர் ஓடவில்லை. குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. சின்னவள் நிமிர்ந்து சிட்டுவைப் பார்த்தாள். அந்தப் பெண் ஒரு துண்டைக் கழுத்தோடு அணைத்துக்கொண்டு நின்றது. பெயர் நாக்கு நுனி வரை வந்தது. வெளியே வரவில்லை.

"கடையில கேளுங்க" என்றாள்.

"டேபிள் அவங்களோடது மேடம்" என்றாள் அக்கா உடனே. "பேப்பர் இருக்கு. கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க. வேணும்னா காட்டறேன்."

டீச்சர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வகுப்பில் யார் கண்ணாடியை உடைத்தது என்று கேட்டு அலுத்துப்போன முகம்.

"உங்க குடும்பச் சண்டைக்கு நான் வரல" என்றார். "கடைப் பேரும் எழுதறேன், டேபிள் பேரும் எழுதறேன். ஆபீஸ்ல பாத்துக்கட்டும்."

கார்டை வீங்கிய விரல்களால் பிடிக்க முடியாமல், இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து எடுத்துக்கொண்டார். கதவு வரை போனவர் திரும்பினார்.

"நீங்க நல்லா செய்வீங்கன்னுதான் இவ்வளவு நாளா வந்தேன். பூட்டைப் பாத்துக்க வேண்டியது நீங்கதானே?"

அக்கா சொன்ன எதுவும் இப்படி இறங்கவில்லை.

கதவு சாத்தியதும் அக்கா நோட்டை மூடினாள். "திருப்தியா? ஒரு கோடு இழுத்திருந்தா முடிஞ்சிருக்கும். ஒரு குடும்பத்தையே இழுத்து விட்டுட்ட."

"உன் பொண்ணுக்கு என் அசிஸ்டென்ட்னு பேர் வச்சப்ப குடும்பம் ஞாபகம் வரலையா அக்கா?"

"மேசையைக் காலி பண்ணு. இன்னைக்கே."

கோபத்தில் அவள் குரல் உடைந்திருந்தால் சின்னவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். உடையவில்லை. துண்டு எண்ணிக்கை சொல்வது போலச் சொன்னாள்.

விளக்கு, பாட்டில்கள், அரங்கள், கார்டுப் பெட்டி. இரண்டு வருஷம் ஓர் அட்டைப் பெட்டிக்குள் அடங்கியது. ஒயரை எட்டுப் போட்டு மடித்து மேலே வைத்தாள். சிட்டு துண்டு அலமாரியை விட்டு நகரவில்லை. மேசையைத் துடைத்துவிட்டு நிமிர்வதற்குள், தரையில் கரகரவென்று சத்தம். புருவக்காரி தன் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துக்கொண்டு வந்தாள்.

"தப்பா நினைக்காதே" என்றாள் பல்லிடுக்கில். "இங்கதான் வெளிச்சம் நல்லா இருக்கு."

*

வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் முழுதாக இறங்கவில்லை. மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றி குளிர்ந்திருந்தது. பக்கத்து வீட்டு அம்மா, பிள்ளை ஒரு டம்ளர் கஞ்சியாவது குடித்தது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அட்டைப் பெட்டியை அடுப்படி மேடையில் வைத்தாள். கழுத்தில் சாவி உறுத்தியது. இழுப்பறையே இல்லாதபோது சாவி எதற்கு? கயிற்றை அவிழ்த்தாள். ஜோடிச் சாவியோடு சேர்த்து மாட்டிவைத்துவிடலாம், நாளைக்கு இரண்டையும் அக்கா முகத்தில் விட்டெறிந்துவிட்டு வரலாம் என்று அலமாரிக் கதவைத் திறந்து, இருட்டில் கையை விட்டு ஆணியைத் தடவினாள்.

விரலில் என்னவோ பிசுபிசுவென்று ஒட்டியது.

கையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள்.

சிவப்பு.

பன்னிரண்டாம் நம்பர். அந்தச் சிவப்பை அவள் கண்ணைக் கட்டிவிட்டாலும் வாசனையில் சொல்லிவிடுவாள்.

சாவியைக் காகிதத்தில் பிடித்து எடுத்தாள். தலைப்பகுதியின் குழியில் ஒரு துளி, சனிக்கிழமையிலிருந்து அப்படியே ஈரமாக நின்றது. மூடிய அலமாரிக்குள் வெளிச்சம் ஏது? நாலு நாளானாலும் காயாது.

கையெல்லாம் சிவப்பு, துடைக்கக்கூட நேரமில்ல, அப்படியே பூட்டிக் குடுத்துட்டு.

யாரிடம் குடுத்தாய் என்று அவள் சிட்டுவைக் கேட்கவில்லை. அக்காவிடம்தான் என்று தானே முடிவு செய்துகொண்டாள். அக்காவிடமிருந்து இந்தச் சாவி இந்த வீட்டுக்குள், இந்த ஆணிக்கு, தானாக நடந்து வந்திருக்காது. சட்டைப் பைக்குள் வந்திருக்கிறது. நீலச் சட்டை. கிடங்கில் பெயின்ட் டப்பா. மகள் காய்ச்சலில் பினாத்திக்கொண்டிருக்க, அவள் ஈரத்துணி பிழிந்துகொண்டிருக்க, பத்தடி தள்ளி இந்தக் கதவு திறந்து மூடியிருக்கிறது. இரண்டு தடவை.

காலையில் தேய்த்த பாத்திரங்கள் மேடையில் கவிழ்ந்து பளபளத்தன.

முதலில் ஸ்பிரிட்டைத் தொட்டு விரலைச் சுத்தமாகத் துடைத்தாள். தோலில் ஜெல் ஒரு நிமிஷம்கூட நிற்கக் கூடாது என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுகிறவள். பிறகு விளக்கை எடுத்து மேடையில் வைத்து, ஒயரைப் பிரித்துச் சொருகினாள். சாவியை விளக்கின் வாய்க்குள் வைத்தாள். தண்ணீரிலோ எண்ணெயிலோ போட்டுத் துடைத்து, இல்லை என்று யாரும் சொல்ல முடியாதபடி அது இறுக வேண்டும்.

பொத்தானை அழுத்தினாள். அடுப்படி நீலமாகியது. அறுபது. ஐம்பத்தொன்பது.

வாசலில் வண்டி வந்து நின்றது. செருப்பு கழற்றுகிற சத்தம்.

"வந்துட்டியா? அக்கா போன் பண்ணினாங்க" என்றபடியே வந்தார். குரல் இரக்கமாகத்தான் இருந்தது. "நான் பேசறேன். ரெண்டு நாள்ல சரியாயிடும். நீயும் கொஞ்சம் விட்டுக்குடுத்திருக்கலாம், சொன்னேன்ல?"

அவள் திரும்பவில்லை.

"அடுப்படியில எதுக்கு விளக்கு? யாருக்கு நகம்..."

பேச்சு நின்றது. நீல வெளிச்சத்துக்குள் கிடந்ததை அவர் பார்த்துவிட்டார். அவள் முகத்தைப் பார்த்தார். மறுபடி சாவியைப் பார்த்தார். கையை நீட்டினார், அதை எடுத்துவிட.

"தொடாதீங்க" என்றாள் சின்னவள். "இன்னும் முப்பது நொடி இருக்கு."